இரண்டு கங்காணிகள்

மச்சாள்,

நேற்று வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். உங்கள் அறையில் அலுமாரியை இழுத்து நகர்த்தியபோது, அதற்கும் சுவருக்கும் இடையில் நின்ற பிளாஸ்டிக் தாள் ஒன்று சரிந்து விழுந்தது. பெயின்ட்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மறுபக்கம் தெரியும் தாள். கறுப்பு மையில் ஆங்கில எழுத்துகள், கீழ்வரிசையில் இலக்கங்கள். "மேக்க விசி கரண்டத, நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார், எறிந்துவிடட்டுமா என்று. "எப்பா, எப்பா", வேண்டாம் என்று ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையோடு, உங்கள் கட்டில் கிடந்த இடத்தில் வெறும் நிலத்தில் இருந்துவிட்டேன். ஒரு மூலையில் என் பெருவிரல் அடையாளம் மங்கலாக இருந்தது. மாதக்கணக்காக, நாளுக்குப் பத்துத் தரம் அதே இடத்தில்தான் பிடித்திருப்பேன்.

இந்தத் தாளுக்கு அந்தப் பக்கம் உங்கள் கண்கள், இந்தப் பக்கம் என் கண்கள் என்று இருந்த அந்தக் காலத்தைப் பற்றி நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. உங்கள் தம்பிக்குக்கூடப் பாதிதான் தெரியும். உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் உயிரோடு, என்னைப் பார்த்துக்கொண்டு, மூன்றடி தூரத்தில் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

நமக்குள் முதலில் அவ்வளவு ஒட்டு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். நான் கலியாணம் முடித்து இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தீர்கள். நான் காலி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கவுண்டரில் நின்றேன். வருகிறவர்களைச் சுவரில் தொங்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்வதுதான் என் வேலை. ஒருநாள் நீங்கள் யாரோடோ தொலைபேசியில் கதைத்தது குசினிக்குக் கேட்டது. "தம்பியின்ர மனுசி நல்ல பிள்ளைதான். ஆனா கடையில நிக்கிற பிள்ளை, என்னத்தைக் கதைக்கிறது?" அதற்குப் பிறகு நானும் உங்களோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை. நீங்கள் என்னை 'நீர்' என்றீர்கள், நான் உங்களை 'மச்சாள்' என்றேன். பத்து வருடம் அப்படியே போனது.

பிறகு உங்கள் வலக்கை விரல்கள் திறப்பைப் பூட்டில் திருப்ப மறுத்தன. அடுத்த தைப்பொங்கலுக்குள் இடக்கையும் போனது. டாக்டர், நரம்பு வருத்தம், இதற்கு மருந்தில்லை, கையும் காலும் போய்ப் பேச்சும் போகும், புத்தி மட்டும் கடைசி வரை அப்படியே இருக்கும் என்றார். உங்கள் தம்பி வெளியே போய் மாடிப்படியில் நின்று அழுதார். நீங்கள் டாக்டரிடம் ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "கண்?"

"கண் பெரும்பாலும் நிக்கும்."

"அப்ப சரி" என்றீர்கள்.

அன்று பின்னேரம் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "சுமதி, உமக்கு இங்கிலிஷ் எழுத்தெல்லாம் டைப் பண்ண வருமோ?" என்று கேட்டீர்கள். வரும் என்றேன். அடுத்த நாளிலிருந்து கடை முடிந்து வந்ததும் நான் உங்கள் கையானேன்.

உங்கள் கணினியில் இருந்தது களனி ஆறு என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆறு கடலில் விழும் இடத்தை அண்டிய மட்டக்குளியின் ஒடுங்கிய ஒழுங்கைகளை நீங்களும் உங்கள் பல்கலைக்கழகத்தாரும் பல வருடங்களுக்கு முன் நடந்து நடந்து அளந்திருந்தீர்கள். எந்த ஒழுங்கை எவ்வளவு உயரம், எந்த வடிகானுக்கு எவ்வளவு பள்ளம் என்று எல்லாம் அதற்குள் இருந்தது. மலைப்பக்கம் பெய்த மழையையும் ஆற்றின் மட்டத்தையும் கொடுத்தால், ஒழுங்கை ஒழுங்கையாக எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அது சொல்லும். அரசாங்கம் பிரதேசத்துக்கு ஒரு எச்சரிக்கை விடும். நீங்கள் ஒழுங்கைக்கு ஒன்று சொன்னீர்கள்.

அதைக் கேட்டு நடக்க அங்கே ஒருவர் இருந்தார். அளக்கப் போன நாட்களில் வெயிலுக்கு உங்களைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்த ரிஸானா. மழை பிடித்தால் நீங்கள் ரிஸானாவுக்கு வாட்சப்பில் ஒரு வரி அனுப்புவீர்கள். அவர் அதை இருபது வீட்டுக்குச் சொல்வார். ஆறு மழைக்காலம் நீங்கள் சொன்னது தப்பவில்லை. "டீச்சர் சொன்னா அது அப்படித்தான்" என்று அவர் ஒருமுறை அனுப்பிய குரல்பதிவை நீங்கள் அழிக்காமல் வைத்திருந்தீர்கள்.

நான் டைப் பண்ணப் பழகிய மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றை இழந்துகொண்டிருந்தீர்கள், நான் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதிய கட்டளைகளைக் கணினிக்குப் புரியும் பாஷைக்கு மாற்றுவது ஒரு வேலை, மாற்றியதை மற்றவர்கள் எழுதி வைத்த லைப்ரரி என்ற கட்டளைத் தொகுப்புகளோடு கோத்து ஓடக்கூடிய ஒன்றாக்குவது இன்னொரு வேலை என்று குழறும் நாக்கோடு சொல்லித் தந்தீர்கள். கணக்கைத் தனியாக ஓடவிட்டால் ஒரு நாள் எடுக்கும். எட்டாகப் பங்கு போட்டு ஒரே நேரத்தில் செய்வித்தால் அரைமணி நேரம். அந்தப் பங்கைப் போடுவதற்கென்றே ஒரு லைப்ரரி உண்டு, அதில் பலவகை உண்டு, கோக்கும்போது எது வேண்டுமென்று நாங்கள்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள்.

"அதில ரெண்டைப் போட்டா இன்னும் வேகமா ஓடாதோ?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்போது உங்களுக்குச் சிரிக்க வந்தது.

"எட்டுப் பேர் வேலை செய்யிற இடத்தில கங்காணி ஒராள்தான் நிக்கோணும், சுமதி. ரெண்டு பேர் நிண்டா ஒராள் வெட்டு எண்டுவான், மற்றாள் நிரப்பு எண்டுவான். வேலையும் நடக்கிற மாதிரித்தான் இருக்கும்."

கொஞ்சம் மூச்செடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னீர்கள். "பிழையான விடை வாறதைவிட நிண்டு போறது நல்லம்."

மார்கழியில் பேச்சு போனது. அப்போதுதான் நான் இந்தத் தாளைச் செய்தேன். கடையில் கண் பரிசோதிக்கிறவரைக் கேட்டு எழுத்துகளின் அளவை எடுத்து, காலி வீதியில் ஒரு கடையில் தாள் வாங்கி எழுதினேன். உங்கள் முகத்துக்கு முன் பிடிப்பேன். நீங்கள் ஓர் எழுத்தைப் பார்ப்பீர்கள். மறுபக்கத்திலிருந்து நான் உங்கள் கருமணியைப் பின்தொடர்ந்து அந்த எழுத்தைச் சத்தமாகச் சொல்வேன். மேலே பார்த்தால் ஓம். மூடினால் இல்லை. முதலில் முழு வசனம் சொன்னீர்கள். சித்திரை பிறக்கும்போது கண்ணும் களைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு தரத்துக்கு மூன்று எழுத்து, மிஞ்சினால் நாலு. அதற்கு மேல் கண்ணில் நீர் வடியும், நான் நிறுத்திவிடுவேன். மிச்சத்தை ஊகிப்பேன். ஊகிப்பதில் நான் கெட்டிக்காரி என்று உங்கள் தம்பி எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். நானும் அதை நம்பினேன்.

வைகாசியில் அந்த மழை வந்தது. இரண்டாம் நாள் மின்சாரம் போய்வந்து, போய்வந்து, உங்கள் பழைய கணினி எரிந்துவிட்டது. அடுத்த நாள் காலை உங்கள் தம்பி தன் அலுவலகத்திலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி, பொலித்தீனால் சுற்றி, நனைந்துகொண்டு கொண்டுவந்தார். பென் டிரைவில் நீங்கள் எழுதியதெல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைப் புதிய கணினியில் மறுபடி மாற்றிக் கோக்க வேண்டும். தேவையானதையெல்லாம் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிப் போட்டேன். நீங்கள் தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ரிஸானா மத்தியானத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மிஸ், கான் நிறைஞ்சிட்டு. உம்மாவத் தூக்கணுமா, இல்லையா?" அவருடைய உம்மா வயதானவர், தடியூன்றி நடக்கிறவர். ரிஸானாவின் மாமி வீட்டு மேல்மாடிக்கு ஏற்றுவதென்றால் நாலு ஆம்பிளையள் வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே வேண்டும்.

மூன்று மணிக்குக் கிட்ட எல்லாம் கோத்து முடிந்தது. ஓடவிட்டேன். ஒரு வினாடியில் நின்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு பந்தி. உங்களுக்கு வாசித்தேன். ஒரே வேலைக்கான லைப்ரரி இரண்டு உள்ளே வந்திருக்கிறது, இது ஆபத்து என்று இருந்தது. இரண்டு லைப்ரரியின் பெயரும் இருந்தது. எழுத்துக் குவியல். உச்சரிக்கத் தெரியாமல், "லிப் என்னமோ ஒண்டும், லிப் என்னமோ இன்னொண்டும்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப்போனேன்.

நீங்கள் உடனே தாளைப் பார்த்தீர்கள். எடுத்துப் பிடித்தேன்.

"ஐ?" மேலே பார்த்தீர்கள்.

அடுத்து உங்கள் கண் கீழே இலக்கங்களுக்கு இறங்கியது. "அஞ்சு?" மேலே பார்த்தீர்கள்.

அவ்வளவுதான். கண்ணில் நீர் வடிந்தது. துடைத்துவிட்டேன். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐ என்றால் 'நான்'. அஞ்சு என்றால் அஞ்சு மணி. ரிஸானாவுக்கு அஞ்சு மணிக்குள் சொல்ல வேண்டும் என்கிறீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். "ஓம் மச்சாள், அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுவன், நீங்கள் யோசியாதேங்கோ" என்றேன். நீங்கள் கண்ணை மூடினீர்கள். களைப்பு என்று நினைத்தேன். திறந்து மறுபடி தாளைப் பார்த்தீர்கள். நான் அதற்குள் திரைப்பக்கம் திரும்பிவிட்டேன்.

அந்தப் பந்தியின் கடைசியில் ஒரு வழி எழுதியிருந்தது. இன்ன வரியை டைப் பண்ணினால் இந்த எச்சரிக்கையைத் தாண்டி ஓடும். ஆனால் நின்று போகலாம், அல்லது சத்தமில்லாமல் பிழையான விடை தரலாம். இதை நான் உங்களுக்கு வாசிக்கவில்லை. 'தரலாம்' என்றுதானே இருக்கிறது, 'தரும்' என்று இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரியை டைப் பண்ணினேன். எச்சரிக்கை போய்விட்டது. "ஓடுது மச்சாள்!" என்று கத்தினேன். பாவி, எவ்வளவு சந்தோசமாகக் கத்தினேன்.

மூன்றரைக்கு விடை வந்தது. ஒழுங்கை ஒழுங்கையாக வாசித்தேன். ரிஸானாவின் ஒழுங்கை, பூச்சியம். பக்கத்து ஒழுங்கை, இருபது சென்ரிமீற்றர். நான் முடிக்கவில்லை, உங்கள் கண் தாளுக்குப் போய்விட்டது. பிடித்தேன். ஏ. ஜி. என்.

"அகெயின்?"

மேலே பார்த்தீர்கள். ஒருமுறை அல்ல, இரண்டு முறை பார்த்தீர்கள்.

நான் அதே இலக்கங்களை முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தேன்.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை, மச்சாள், நான் எப்படி எழுதுவேன்? உங்கள் முகத்தில் அசையக்கூடியது வேறு ஒன்றும் இருக்கவில்லை. புருவம்கூட இல்லை. "அனுப்பட்டோ?" என்று கேட்டேன். நீங்கள் மேலேயும் பார்க்கவில்லை, மூடவும் இல்லை. இமைக்காமல் என்னையே பார்த்தீர்கள். போன் மறுபடி அடித்தது. நான் அந்தப் பார்வையை ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

'உங்கட ஒழுங்கைக்குத் தண்ணி வராது. பயப்பட வேண்டாம்' என்று அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை இடியப்பம் வாங்கிவர உங்கள் தம்பி கீழே போயிருந்தார். நான் குசினியில் நின்று ரிஸானாவின் குரல்பதிவைச் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டேன். "மிஸ், டீச்சர் வராதுண்டு சொன்னாங்களே. ஊட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் ஈக்குது. உம்மா கட்டில்ல இருந்து எறங்கப் போய் வழுக்கி உழுந்திட்டாங்க. எழும்ப ஏலாது, கத்துறாங்க மிஸ்." பின்னால் தண்ணீர்ச் சத்தம். ஒரு கிழவியின் குரல் அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

உங்கள் தம்பி வந்ததும் சொன்னேன். அவர் பார்சலைக் கையில் பிடித்தபடியே நின்றார். "அக்காவுக்குச் சொல்லாதை. அவவால இப்ப என்ன செய்ய ஏலும்? கிடந்து யோசிச்சே செத்துப்போயிடுவா" என்றார். அது அன்பால் சொன்னது. எனக்கும் அது வசதியாக இருந்தது.

உங்கள் அறைக்கு வந்தேன். விழித்திருந்தீர்கள். கேட்பதற்கு உங்களுக்குத் தாள் தேவைப்படவில்லை. நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "தண்ணி வரேல்லையாம், மச்சாள். டீச்சர் சொன்னா அது அப்படித்தான் எண்டு ரிஸானா சொல்லுது."

நீங்கள் கண்ணை மூடினீர்கள்.

மூடினால் இல்லை. அது நாம் இரண்டு பேரும் பேசி வைத்த பாஷை. நித்திரை வருகிறது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டு, குழாய் வழியாக உங்களுக்குக் கொடுக்க வேண்டிய காலைப் பாலைக் கரைக்கப் போனேன்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தீர்கள். அந்தப் பத்தொன்பது நாளில் ஒருமுறைகூட நீங்கள் தாளைப் பார்க்கவில்லை. நான் எடுத்துப் பிடித்தால் உங்கள் கண் யன்னலுக்குப் போய்விடும். நோவா, தண்ணியா, திருப்பிப் படுக்கவைக்கவா என்று வாயால் கேட்டால் ஓம், இல்லை மட்டும் சொன்னீர்கள். எழுத்து வேண்டாம் என்றுவிட்டீர்கள். ஒருநாள் தாளை அலுமாரிக்குப் பின்னால் செருகிவைத்தேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கடைசி நாளில் உங்கள் தம்பி உங்கள் தலைமாட்டில் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்து, "பெத்த பிள்ளைகூட இப்பிடிப் பாக்காது" என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு உங்களோடு வேலை செய்த சந்திமா வந்தார். உங்கள் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போவதற்காக. அவரிடம்தான் முதன்முதலில் வாய் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அந்த மத்தியானம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கணினியைத் திறந்து, நான் ஓட்டியது போலவே அதே மழை, அதே ஆற்றுமட்டத்தோடு ஓட்டினார். ரிஸானாவின் ஒழுங்கை, எழுபத்தொன்று. எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினார். பன்னிரண்டு. மூன்றாம் முறை, பூச்சியம்.

"அனே" என்றார். "மேக்க வெரதி நே, சுமதி." பிழையாகத்தானே ஓடுகிறது என்று.

பிறகு கோக்கும் வரியைத் திறந்தார். கணிதத்துக்கான புதிய லைப்ரரி தன்னோடு ஒரு கங்காணியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது, கட்டளைகளை மாற்றித் தரும் கொம்பைலர் தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்திருக்கிறது என்று விளக்கினார். கங்காணி என்பது நீங்கள் சொன்ன சொல். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அப்படித்தான் கேட்டேன். இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொம்பைலருக்கு, உன்னுடையதை விட்டுவிட்டு மற்றதையே நீயும் எடு என்று சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும். அந்தச் சொல்லை டைப் பண்ணிக்கொண்டே எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"லிப், ஐ, ஓ, எம், பி, ஃபைவ்."

"மற்றது?" என்று கேட்டேன்.

"லிப், ஓ, எம், பி. இதில ஐயும் இல்லை, ஃபைவும் இல்லை."

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எட்டு எழுத்துச் சொல்ல உங்களால் முடியாது. நான் வாசிக்காமல் விட்ட பெயரை நீங்களே ஊகித்து, அதில் வித்தியாசமான இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்துத் தந்திருக்கிறீர்கள். நான் அதைக் கொண்டுபோய்க் கடிகாரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

நெடுநேரம் கழித்து வெளியே வந்தபோது சந்திமா மூன்றாவது முறையும் ஓட்டி முடித்திருந்தார். மூன்று முறையும் நாற்பத்தெட்டு. முழங்கால். நான் அந்த 'அகெயின்' பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். பக்கத்து ஒழுங்கை உயரம், ரிஸானாவின் ஒழுங்கை பள்ளம், உயரத்தில் இருபது நிற்கும்போது பள்ளத்தில் பூச்சியம் வர முடியாது, இதை நீங்கள் கேட்டவுடனேயே பிடித்திருப்பீர்கள் என்றார். "இன்னொருமுறை ஓட்டச் சொல்லியிருப்பா. ரெண்டாவது விடை வேற மாதிரி வந்திருந்தா நீங்களே விளங்கியிருப்பீங்க."

அரைமணி நேரம் போதும். மூன்றரைக்கு மறுபடி ஓட்டியிருந்தால் நாலு மணி. வெளிச்சம் இருந்தது. நாலு ஆம்பிளையளும் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பியிடம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை தாண்டி மட்டக்குளி. அந்தோனியார் கோயிலடியில் ஏறிய சனம் முழுக்க என்மேல் நெருக்கிக்கொண்டு நின்றது. இறங்கிவிடலாமா என்று ஒவ்வொரு தரிப்பிலும் நினைத்தேன். ரிஸானாவை நான் அதுவரை நேரில் கண்டதில்லை. என் வயதுதான் இருக்கும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. உம்மா உள்ளே கட்டிலில் கிடந்தார். என்னை டீச்சரின் வீட்டார் என்று அறிமுகப்படுத்தியதும், "அல்லாஹ் அவங்களுக்கு நல்ல இடத்தக் குடுக்கணும்" என்று கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் நான் சொன்னேன்.

"டீச்சர் பிழை விடேல்ல, ரிஸானா. நான்தான் விட்டனான். அவ எனக்குச் சரியாச் சொன்னவ. எனக்கு விளங்கேல்ல."

ரிஸானா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் கேட்டது வேறு.

"டீச்சருக்கு இது தெரியுமா? உம்மா உழுந்தது?"

"நான் சொல்லேல்ல."

"சொல்லாட்டி தெரியாதா மிஸ்?"

அவர் எழுந்து உம்மாவின் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்து இருந்தார். பிறகு, ஏதோ இன்றைய சந்தை விலை கேட்பது போல, "சரி, அடுத்த மழைக்கு யாரு பாத்துச் சொல்ற?" என்று கேட்டார்.

சந்திமா என்று சொல்ல வாயெடுத்தேன். சந்திமா அவுஸ்திரேலியாவுக்குப் போக விசா எடுத்துவிட்டார். நான் என்று சொல்ல முடியுமா? கோக்கும் வரி இப்போது சரியாக இருக்கிறது. கங்காணி ஒராள்தான். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை. ஆனால் மலைப்பக்கத்து மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வரும், கடல் ஏற்றமா வற்றா, எந்தக் கானில் மண் அடைத்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் யோசித்து யோசித்துச் சொன்ன இலக்கங்களை நான் டைப் பண்ணினேனே தவிர, ஏன் அந்த இலக்கம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது சில மாதத்தில் வரும் அறிவா? "பாப்பம் ரிஸானா" என்றேன். அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

ஐப்பசியில் மழை வந்தது. ரிஸானாவின் செய்தியும் வந்தது. 'மிஸ், தண்ணி வருமா?' நான் கணினியைத் திறந்தேன். ஊகித்து இலக்கங்களைப் போட்டேன். மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் பூச்சியம். இலக்கத்தைச் சற்றுக் கூட்டிப் போட்டேன். மூன்று முறையும் முப்பது. எது சரி என்று உங்கள் வெறுங்கட்டிலைப் பார்த்துக் கேட்டேன். கடைசியில் செய்தியாக எழுதத் தைரியமில்லாமல் போன் எடுத்தேன்.

"எனக்குத் தெரியாது ரிஸானா. உம்மாவைத் தூக்குங்கோ."

தூக்கினார்கள். ரிஸானாவின் மகனும் பக்கத்து வீட்டாரும் கதிரையில் வைத்து, கொட்டும் மழையில், உடைந்த இடுப்போடு. தண்ணீர் வரவில்லை.

கார்த்திகையில் மறுபடி கேட்டார். மறுபடி தூக்கச் சொன்னேன். வரவில்லை. இந்த வைகாசியில் மூன்றாவது முறை. உம்மா கத்தியது போனில் எனக்குக் கேட்டது. அன்றும் வரவில்லை. அடுத்த நாள் ரிஸானா, "வரல்ல மிஸ்" என்று மட்டும் அனுப்பினார். கோபம் இருந்ததா என்று எழுத்தில் தெரியவில்லை.

நீங்கள் விட்டுப்போனதில் எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பதில்தான், மச்சாள். உங்களுக்கு வராது என்று சொல்லவும் தெரியும், வரும் என்று சொல்லவும் தெரியும். எனக்குத் தூக்குங்கோ என்று மட்டும்தான் சொல்ல வருகிறது. மூன்று முறை சொல்லி மூன்று முறையும் வெறுமையாய்ப் போய்விட்டது. நாலாவது முறை நான் சொல்லும்போது அவர்கள் தூக்குவார்களா என்று எனக்குத் தெரியாது.

சுமதி